துர்கோவை விரட்டாமல் இருந்திருந்தால் 1789 வந்திருக்காதா?

மார்ச் 2 (வாசகர் ஒருவர் தொடங்கி வைத்தது)

"16-ஆம் லூயி தன் நிதி அமைச்சர் துர்கோவை 20 மாதத்தில் வீட்டுக்கு அனுப்பாமல் இருந்திருந்தால் பிரெஞ்சுப் புரட்சியே வந்திருக்காது. ராணியும் பிரபுக்களும் சேர்ந்து ஒரு நல்ல மனிதரைக் கவிழ்த்தார்கள். கதை அவ்வளவுதான். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?"

மார்ச் 2, இரவு

நிறைய இருக்கிறது. முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடுவோம்.

ஆன் ரொபேர் ழாக் துர்கோ. 1727 மே 10, பாரிஸில் பிறந்தார். நோர்மாந்தியைச் சேர்ந்த பழைய பிரபு குடும்பம். அப்பா மிஷேல் எத்தியென் துர்கோ பாரிஸ் நகர நிர்வாகத்தின் தலைவராக இருந்தவர். பாரிஸின் ஒவ்வொரு தெருவையும் கட்டடத்தையும் பறவைப் பார்வையில் வரைந்த புகழ்பெற்ற 20 தாள் வரைபடம் அவர் செய்யச் சொன்னதுதான். லூயி பிரெத்தே என்பவர் 1734-இல் தொடங்கினார், 1739-இல் அச்சானது. அதன் மறு அச்சை நான் தரையில் விரித்துப் பார்த்திருக்கிறேன். வீட்டு ஜன்னல்களும் தோட்டத்து மரங்களும் கூடத் தெரியும். எதையும் முழுதாக அளந்து பார்க்கிற பழக்கம் மகனுக்கு எங்கிருந்து வந்தது என்று நான் தேடவே இல்லை.

மூன்று மகன்களில் இவர் கடைசி. மூத்தவருக்கு நீதிமன்றம், நடு மகனுக்குப் படை, கடைசி மகனுக்குத் திருச்சபை என்று வீட்டிலேயே பிரித்துவிட்டார்கள். சொர்போனில் இறையியல் படித்தார். 1751-இல் பாதிரியார் ஆகும் எண்ணத்தை விட்டுவிட்டு அரசுப் பணிக்கு வந்தார்.

மார்ச் 3

கேள்விக்கு வருகிறேன். "ராணி கவிழ்த்தாள்" என்பது பாதி உண்மைகூட இல்லை. மரி அந்துவானெத்துக்கு அவர்மேல் கோபம் இருந்தது. லண்டனில் தூதராக இருந்த கீன் என்ற பிரபுவை திரும்ப அழைத்த விவகாரத்தில் அது முற்றியது. ஆனால் துர்கோவுக்கு எதிராக நின்றவர்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்: பாரிஸ் பார்லமாந் (சட்டமன்றம் அல்ல, அரச ஆணைகளைப் பதிவு செய்கிற உயர் நீதிமன்றம்), வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்த பெரும் பணக்காரர்கள், கைத்தொழில் சங்கங்களின் முதலாளிகள், அமைச்சரவையில் உடன் அமர்ந்திருந்த நீதித்துறைத் தலைவர் மிரோமேனில், அவரைப் பதவிக்குக் கொண்டு வந்த மூத்த அமைச்சர் மொரெப்பா. இவர்களோடு பாரிஸைச் சுற்றி ரொட்டி வாங்க முடியாமல் தவித்த ஏழைகளும் ஒரு கட்டத்தில் அவருக்கு எதிராக நின்றார்கள். இந்தக் கடைசி வரிதான் எனக்கு வலிக்கிறது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

மார்ச் 3, பிற்பகல்

அதற்கு முன் லிமோழ். இது தெரியாமல் 1775-ஐப் புரிந்துகொள்ளவே முடியாது.

1761-இலிருந்து 1774 வரை, 13 ஆண்டுகள், லிமோழைத் தலைநகராகக் கொண்ட லிமூஸேன் பகுதிக்கு துர்கோ அரசப் பிரதிநிதி. பிரான்சின் மிக ஏழைப் பகுதிகளில் ஒன்று. வேறு வசதியான இடங்களுக்குப் போகும் வாய்ப்பு வந்தும் அவர் போகவில்லை.

அங்கே முதலில் கண்ணில் பட்டது சாலை ஊழியம். குடியானவன் ஆண்டுக்கு இத்தனை நாள் கூலியில்லாமல் சாலை போட வேண்டும், மாடும் வண்டியும் அவனுடையது. விதைப்பு நேரமா, அறுப்பு நேரமா என்று யாரும் பார்க்க மாட்டார்கள். துர்கோ அதை நிறுத்தினார். வேலையைக் கூலி ஆட்களிடம் கொடுத்தார், செலவை வரி கட்டுவோர் எல்லோர் மேலும் பரப்பினார். சாலைகள் நல்லதாயின. இங்கிலாந்திலிருந்து வந்த பயணிகள்கூட லிமூஸேன் சாலைகளை மெச்சி எழுதினார்கள்.

அப்புறம் பஞ்சம். 1769-இல் விளைச்சல் பொய்த்தது, 1770 மிக மோசம். அந்த நேரத்தில் அவர் செய்தவற்றைப் படித்தால் "சந்தையை அதன் போக்கில் விடு" என்ற கட்சிக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஊருக்கு ஊர் தர்மக் குழு. வேலை செய்யத் தெம்பு உள்ளவர்களுக்குச் சாலைப் பணி, பெண்களுக்கு நூற்பு. தெம்பில்லாதவர்களுக்குச் சாப்பாடு. நில உடைமையாளர்கள் விளைச்சலில் பங்கு கொடுத்துத் தங்கள் நிலத்தை உழும் குடிகளை அடுத்த அறுவடை வரை துரத்தக்கூடாது, சோறு போட வேண்டும் என்று 1770 பிப்ரவரியில் ஆணை போட்டார். தன் சொந்தப் பணத்தையும் இறைத்தார். உருளைக்கிழங்கு பன்றித் தீனி என்று ஜனங்கள் ஒதுக்கியபோது தன் மேஜையிலேயே அதைப் பரிமாறச் செய்தார்.

இதே காலத்தில்தான், 1770-இல், தானிய வணிகத்துக்குத் தடையே கூடாது என்று அப்போதைய நிதித் தலைவர் (நிதி அமைச்சர்) தெரேக்கு நீண்ட கடிதங்களும் எழுதினார். இரண்டுக்கும் முரண் இல்லை என்பது அவர் கட்சி: தானியத்தைத் தடுக்காதே, வாங்கக் காசில்லாதவனுக்குக் காசு கிடைக்க வழி செய்.

மார்ச் 4

ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார்: லிமோழ் பீங்கானுக்கும் இவருக்கும் தொடர்பு உண்டா? உண்டு. 1768 வாக்கில் பக்கத்தில் சேன்-திரியேயில் வெள்ளைக் களிமண் கண்டுபிடிக்கப்பட்டது. 1771-இல் லிமோழில் முதல் பீங்கான் ஆலை வந்தது துர்கோவின் ஆதரவில்தான்.

மார்ச் 6

சரி, 1775.

1774 மே 10 அன்று 15-ஆம் லூயி இறந்தார். அன்று துர்கோவுக்கு 47 வயது நிறைந்தது. புது ராஜாவுக்கு 19 வயது. ஜூலை 20-இல் துர்கோ கடற்படை அமைச்சர், ஆகஸ்ட் 24-இல் நிதித் தலைவர். அன்றே ராஜாவுக்கு எழுதிய கடிதத்தில் மூன்று உறுதி: திவால் இல்லை, வரி உயர்வு இல்லை, புதுக் கடன் இல்லை. மிச்சம் ஒரே வழி, செலவைக் குறைப்பது. தன் சம்பளத்தையே முதலில் குறைத்துக்கொண்டார். வரிக் குத்தகைக்காரர்கள் வழக்கமாக நிதித் தலைவருக்குத் தரும் "அன்பளிப்பை" வாங்க மறுத்தார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். நானும் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். பண்டிகைக்கு ஒப்பந்தக்காரர் கொடுத்து அனுப்பும் பொட்டலத்தைத் திருப்பி அனுப்பிய அதிகாரி ஒருவர் எங்களுக்கு மேலே வந்தார். ஒப்பந்தக்காரருக்கு அதில் வருத்தமே இல்லை. மற்ற அதிகாரிகள்தான் அவரோடு சாப்பிடுவதை நிறுத்தினார்கள். வாங்காத ஒருவர் பக்கத்தில் இருந்தால் வாங்குகிறவர்களுக்கு மூச்சு முட்டும். துர்கோவின் எதிரிகள் எந்தக் கொள்கையால் உருவானார்கள் என்று நூல்கள் விரிவாகச் சொல்கின்றன. இந்தக் காரணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பேன்.

செப்டம்பர் 13-இல் தானிய வணிகத்தை நாட்டுக்குள் சுதந்திரமாக்கும் ஆணை வந்தது. அந்த ஆண்டு விளைச்சல் மோசம் என்பது அதற்குள் தெரிய ஆரம்பித்திருந்தது.

1775 வசந்தத்தில் பாரிஸில் நாலு பவுண்டு ரொட்டி சுமார் 11 சூ (அக்கால நாணயம், 20 சூ ஒரு லிவ்ர்). ஏப்ரல் கடைசியில் பதின்மூன்றரை. ஒரு கூலிக்காரரின் நாள் வருமானம் 20 சூ என்று வைத்துக்கொண்டால், வீட்டில் குழந்தைகள் இருந்தால், மிச்சக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஏப்ரல் 18 தீழோனில் கலவரம், 27-இல் பாரிஸுக்கு வடக்கே பொமோன், 29-இல் போந்துவாஸ், மே 2-இல் வெர்சாய், மே 3-இல் பாரிஸ். "மாவுப் போர்" என்று பெயர். பாரிஸைச் சுற்றியுள்ள பகுதியில் சிறிதும் பெரிதுமாகச் சுமார் 300 சம்பவங்கள்.

பல இடங்களில் கூட்டம் கொள்ளையடிக்கவில்லை. தானியத்தை எடுத்தது, "நியாய விலை" என்று தானே ஒன்றைச் சொல்லி, அந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனது. சந்தையில் 30 லிவ்ருக்கு விற்றதை 12 லிவ்ருக்கு. அவர்கள் கேட்டது தலைமுறைகளாக அரசு தங்களுக்குச் செய்து வந்ததை: விலை கட்டுமீறினால் ராஜா தலையிடுவார் என்ற நம்பிக்கை. துர்கோவின் ஆணை அந்த நம்பிக்கையைத்தான் அறுத்தது. அது அவருக்குத் தெரியவே இல்லை என்று நினைக்கிறேன்.

வெர்சாயில் ரொட்டி பவுண்டு இரண்டு சூ என்று காவல் பொறுப்பிலிருந்த இளவரசர் புவா வாக்குக் கொடுத்துவிட்டார். துர்கோ பாரிஸிலிருந்து வந்து அதை ரத்து செய்தார். 25,000 படையினர் இறங்கினர். மே 11 அன்று கிரேவ் சதுக்கத்தில் இரண்டு பேரைத் தூக்கிலிட்டார்கள். ஒருவர் டோப்பா செய்யும் தொழிலாளி, வயது 28. இன்னொருவன் மெல்லிய துணி நெய்பவன், வயது 16.

பஞ்சத்தில் லிமோழை ஊட்டியவரும் இவரும் ஒரே ஆள்தான்.

மார்ச் 6, இரவு

மேலே எழுதியதற்கு உடனே எதிர்ப்பு வந்தது: "இறக்குமதி செய்பவர்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்தாரே, தீழோனில் தானிய வரியை நிறுத்தினாரே, வேலைக் கூடங்களுக்கு நாடு முழுக்கப் பணம் ஒதுக்கினாரே?"

எல்லாம் சரி. தேதியைப் பாருங்கள். எல்லாமே 1775 ஏப்ரல் பின்பாதியிலும் மே தொடக்கத்திலும். செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை நடுவில் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்தது. லிமோழில் அவர் குழுக்களை அமைத்தது பசி முற்றுவதற்கு முன். பாரிஸில் கலவரம் வந்த பிறகு. என் குறை அவர் மனதைப் பற்றி அல்ல, வரிசையைப் பற்றி.

மார்ச் 7

மாவுப் போர் ஒரு சதி என்று துர்கோ நம்பினார், கோந்தி இளவரசர் தூண்டிவிட்டார் என்று. நான் நம்பவில்லை. பின்னால் வந்த ஆய்வாளர்களுக்கும் உருப்படியான சான்று அகப்படவில்லை. ஏப்ரலில் வங்கியாளர் நெக்கேர் தானியக் கொள்கையைத் தாக்கி ஒரு நூல் வெளியிட்டார், அதுவும் சூட்டைக் கிளப்பியது. ஆனால் போந்துவாஸ் படகுத்துறையில் மூட்டையைப் பிடித்து இழுத்தவர்கள் நெக்கேரைப் படித்துவிட்டு வந்தவர்கள் அல்ல.

மார்ச் 9

புதுச்சேரியிலிருந்து ஒரு நண்பர்: "எங்கள் ஊருக்கும் இவருக்கும் ஏதாவது?"

மிக மெல்லிய இழை ஒன்று உண்டு, எனக்குப் பிடித்தது. 1749-இல், 21 வயது மாணவராக, துர்கோ எழுதிய முதல் பொருளாதாரக் கடிதம் ஜான் லாவின் காகிதப் பணத் திட்டத்தை மறுத்து எழுதியது. 1720-இல் பிரான்சின் சேமிப்புகளைக் கரைத்த அதே திட்டம். 25 ஆண்டு கழித்து 1774 கோடையில் ஒரு மாதம் அவர் கடற்படை அமைச்சர். குடியேற்ற நாடுகள் அந்தத் துறையின் கீழ்தான். அப்போது புதுச்சேரி கவர்னராக இருந்தவர் ழான் லா தெ லோரிஸ்தோன், அந்த ஜான் லாவின் தம்பி மகன். ஆங்கிலேயர் 1761-இல் இடித்த ஊரை மறுபடி கட்டியெழுப்பியவர்.

இன்னொன்று: பிரெஞ்சு இந்தியக் கம்பெனியின் ஏகபோகம் 1769-இல் நிறுத்தப்பட்டபோது அதற்கான வாதத்தை அரசுக்காக எழுதியவர் மொரெல்லே பாதிரியார், சொர்போனில் துர்கோவோடு படித்த நண்பர். அதற்கப்புறம் எந்தப் பிரெஞ்சு வணிகரும் இந்தியக் கரைக்குக் கப்பல் அனுப்பலாம் என்றானது.

மார்ச் 9, கொஞ்சம் கழித்து

குடும்பம் பற்றிக் கேட்டவருக்கு: நடு அண்ணன் எத்தியென் பிரான்சுவா கயானாவுக்கு கவர்னராக்கப்பட்டவர். 1763-இல் தொடங்கிய கூரூ குடியேற்றத்தில் ஆயிரக்கணக்கானோர் காய்ச்சலில் மாண்டார்கள். பெரும்பகுதி நேரம் அவர் பிரான்சிலேயே இருந்தார். தம்பி அவர்மேல் கடைசி வரை பாசமாக இருந்தார்.

மார்ச் 12

ஆறு ஆணைகள். அவரைக் கவிழ்த்தது மாவுப் போர் அல்ல, அதில் ராஜா அவர் பக்கம் உறுதியாகவே நின்றார். 1776 ஜனவரியில் வைத்த இந்த ஆறுதான்.

ஆறில் நான்கு சிறியவை: பாரிஸ் தானியச் சந்தை விதிகள், துறைமுகப் பதவிகள், மாட்டுச் சந்தைக் கட்டணம், கொழுப்பு வரி. பெரியவை இரண்டு. நாடு முழுக்கச் சாலை ஊழியத்தை ஒழிப்பது, கைத்தொழில் சங்கங்களைக் கலைப்பது.

லிமோழில் சாலைச் செலவை ஏற்கெனவே வரி கட்டுகிறவர்கள் மேல்தான் போட்டார். இப்போது நில உடைமையாளர் எல்லோர் மேலும் போட்டார், பிரபுக்களும் அதில் அடக்கம். மிரோமேனில் ஒவ்வொரு பத்திக்கும் எதிர்க்குறிப்பு எழுத, துர்கோ ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். அரசின் செலவு எல்லோருடைய நன்மைக்கும் என்றால் எல்லோரும் அதைச் சுமக்க வேண்டும், சமூகத்தால் அதிகம் பயன் பெறுகிறவன் அதிகம் கொடுப்பதைப் பெருமையாகக் கொள்ள வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். சொன்னவர் பிரபு என்பதை நினைத்துப் பாருங்கள்.

மார்ச்சில் பார்லமாந் கொடுத்த மறுப்பு இதற்கு நேர் எதிர்: குருமார் ஜெபத்தால் சேவை செய்கிறார்கள், பிரபுக்கள் ரத்தத்தால், மற்றவர்கள் வரியாலும் உழைப்பாலும்; இதைக் கலைத்தால் முடியாட்சியே கலையும். வெளிப்படையாகச் சொன்னார்கள், அதற்காக ஒரு மரியாதை. மார்ச் 12-இல் ராஜா நேரில் அமர்ந்து கட்டாயமாகப் பதிவு செய்ய வைத்தார். "என்னையும் துர்கோவையும் தவிர மக்களை நேசிப்பவர் யாருமில்லை" என்று லூயி சொன்னதாக ஒரு வாக்கு உண்டு. சொன்ன சில வாரங்களில் மாறிவிட்டார்.

மார்ச் 13

சங்க ஆணை பற்றி இன்னும் கொஞ்சம். அதன் முன்னுரை அழகானது: உழைக்கும் உரிமை ஒவ்வொரு மனிதனின் முதல் சொத்து, மிகப் புனிதமானது, பறிக்க முடியாதது. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். ஏழை தொழிலாளி வாழ்நாள் முழுக்க உழைத்தாலும் முதலாளி ஆக முடியாதபடி சங்கக் கட்டணமும், தகுதியைக் காட்டச் செய்து தர வேண்டிய "தேர்ச்சிப் படைப்பும்" தடுத்த காலம் அது.

ஆனால் கீழே 14-ஆவது பிரிவைப் படியுங்கள். முதலாளிகள் மட்டுமல்ல, தொழிலாளிகளும் எந்தக் காரணத்துக்கும் ஒன்று சேரக்கூடாது. தனி மனிதனை விடுவித்தார், கூடி நிற்கும் கையைக் கட்டினார். விதிவிலக்குகளில் ஒன்று சவரத் தொழில்-டோப்பா சங்கம்: அந்தப் பதவிகளை அரசே விற்றிருந்தது, திருப்பிக் கொடுக்கப் பணமில்லை.

மார்ச் 15

எனக்கு இரண்டாம் யோசனை வந்த இடம் இது. ஏன் இவ்வளவு வேகம்? லிமோழில் 13 ஆண்டு பொறுமையாக இருந்தவர் பாரிஸில் ஏன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டார்?

சக அமைச்சர் மால்ஸேர்ப் அவரிடம் நிதானம் வேண்டும் என்றபோது துர்கோ சொன்னதாகக் கூறப்படும் பதில்: "எங்கள் குடும்பத்தில் ஐம்பதில் கீல்வாதத்தில் இறந்துவிடுவோம்." அவருக்கு அந்த நோய் முன்பே இருந்தது. 1775-இல் வாரக்கணக்கில் எழுந்து நடக்க முடியாமல், படுக்கையிலிருந்தும் நாற்காலியில் தூக்கிச் செல்லப்பட்டும் வேலை பார்த்தார். 1781 மார்ச் 18-இல் அதனால்தான் இறந்தார், வயது 53. ஆகவே அவசரக்காரர் என்று திட்டுகிறவர்களோடு இனி நான் சேரப்போவதில்லை. தன்னிடம் எத்தனை ஆண்டு மிச்சம் என்று கணக்குப் போட்டவர், கணக்கும் ஏறக்குறைய சரியாக இருந்தது. மார்ச் 6-இல் வரிசையைப் பற்றிச் சொன்னதில் மட்டும் நிற்கிறேன்.

மார்ச் 16

இலகுவான விஷயம் ஒன்று. அரசுத் தபால் வண்டிகளை 1775-இல் ஒரே நிர்வாகத்தில் கொண்டு வந்தார். புது வண்டிகளுக்கு ஜனங்கள் வைத்த பெயர் "துர்கோத்தீன்". பாரிஸிலிருந்து போர்தோ போகும் நேரம் பாதிக்கும் கீழே குறைந்தது. பாதிரிமாருக்கு ஒரு மனக்குறை: வண்டி நிற்காமல் ஓடுவதால் பயணிகள் ஞாயிறு பூசையைத் தவறவிடுகிறார்களாம்.

மார்ச் 18

1776 மே 12, பதவி நீக்கம். நண்பர் மால்ஸேர்ப்பும் அதே நாளில் விலகினார். அடுத்து வந்த க்ளூனி சில மாதங்களிலேயே சாலை ஊழியத்தையும் சங்கங்களையும் திரும்பக் கொண்டு வந்தார், அக்டோபரில் இறந்தும் போனார்.

ஏப்ரல் 30-இல் துர்கோ ராஜாவுக்கு எழுதிய கடிதம் எல்லோரும் மேற்கோள் காட்டுவது: இங்கிலாந்து ராஜா முதலாம் சார்ல்ஸின் தலையை வெட்டுமரத்தில் வைத்தது பலவீனம்தான், மறக்காதீர்கள். 21 வயது ராஜாவுக்கு அமைச்சர் இப்படி எழுதியது சரியா என்று கேட்டார் ஒருவர். சரி என்பேன். வேறு யார் சொல்வார்கள்? ஆனால் அதைப் படித்த பையனுக்கு என்ன தோன்றியிருக்கும் என்பதையும் யோசிக்கிறேன். நேர்மையான அறிவுரையில் சிறிது ஆறுதலும் இருந்திருக்கலாம்.

மார்ச் 21

இழையைத் தொடங்கியவருக்கு என் பதில்.

1789-க்குப் பணரீதியான நேர்க் காரணம் அமெரிக்கப் போர்க் கடன். 100 கோடி லிவ்ருக்கும் மேல் செலவு. துர்கோ இருந்தால் அந்தப் போரைத் தடுத்திருப்பார் என்பதுதான் உங்கள் வாதத்தின் பலமான பகுதி. 1776 ஏப்ரலில் அவர் கொடுத்த குறிப்பு தெளிவானது: அமெரிக்கக் குடியேற்றங்கள் எப்படியும் பிரிந்து போகும், நாம் போருக்குப் போனால் நம் நிதிச் சீர்திருத்தம் காலாகாலத்துக்கும் கெட்டுவிடும். வெளியுறவு அமைச்சர் வெர்ழென் இதற்கு எதிர்ப்பக்கம்.

அமெரிக்கர்களுக்கு ரகசியமாக 10 லட்சம் லிவ்ர் ஆயுத உதவிக்கு ராஜா ஒப்புதல் தந்தது 1776 மே 2. துர்கோ அப்போது பதவியில்தான் இருந்தார், நீக்கத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. நிதித் தலைவர் எழுத்தில் எதிர்த்தும் பணம் போனது. ஆகவே அவரை நாற்காலியில் வைத்திருப்பது மட்டும் போதாது, அவர் சொல்வதைக் கேட்கும் ராஜா வேண்டும். நீங்கள் கற்பனை செய்யும் பிரான்சுக்கு வேறு அமைச்சர் தேவையில்லை, வேறு லூயி தேவை.